கான்கிரீட் கொட்ட வேண்டிய இடத்தில் கொத்தமல்லி

கண்ணு,

நீ தூத்துக்குடியில் பனியன் சரக்கைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பும்போது, பின்பக்கம் நீ சொல்லிவிட்டுப் போன கான்கிரீட் தளம் இருக்காது. கொத்தனார் திங்கட்கிழமை காலையில் ஆட்களோடு வந்தார். நான்தான் திருப்பி அனுப்பினேன். உன் பெண்டாட்டி சுமதி மேல் பாயாதே. அவள் அப்போது அடுப்படியில் இருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. கொத்தனாரையும் போனில் பிடித்துத் திட்டாதே. "தம்பி சொல்லீட்டுப் போயிருக்காருங்க, தீவாளிக்கு முன்னால தளம் காயோணுமுன்னு" என்று அவர் வாசலிலேயே நின்று கையைப் பிசைந்தார். "அந்தத் தம்பிக்கு அம்மா நாந்தானுங்க. நீங்க போயிட்டு வாங்க, நான் பேசிக்கறேன்" என்றேன். கொண்டுவந்த ஜல்லியை மதிலோரம் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது அங்கேயே கிடக்கட்டும், எதற்காவது ஆகும்.

அந்த இடத்தில் நானும் உன் பெண்டாட்டியும் பாத்தி கட்டி விதை போட்டுவிட்டோம். உன்னைக் கேட்டுச் செய்யவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். இப்போதும் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வாயால் சொல்லலாம்தான். ஆனால் நான் பேசத் தொடங்கினால் நீ இரண்டாவது வார்த்தையிலேயே "சரீம்மா, சரீம்மா" என்று சொல்லிவிட்டு யாருக்காவது போன் போட்டுவிடுவாய். எழுதி நீ துணி வெட்டுகிற கட்டிங் டேபிள் மேல் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. காகிதத்தைப் பார்த்து "சரீம்மா" என்று சொல்ல முடியாது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பின்பக்கம் போ.

நீ ஊருக்குப் போகிறாய், சுமதிக்குத் துணையாக இரு என்று சொல்லித்தானே என்னை வரச் சொன்னாய். வந்து இரண்டாம் நாள் சாயங்காலம், பின்பக்கம் தரையில் உடைந்த செங்கல் துண்டுகளை யாரோ வரிசையாக நட்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். நீளமாக ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கட்டம், நடுவில் ஒரு ஆள் நடக்க வழி. தோட்டக்காரன் மகளுக்கு அது என்ன என்று தெரியாதா? பாத்திக்குக் குறி வைத்திருக்கிறது. சுமதியைக் கூப்பிட்டு யார் வைத்தது என்று கேட்டேன். "சும்மாங்க அத்தை" என்றாள். சும்மா யாராவது செங்கல்லை அளந்து வைப்பார்களா? கொஞ்சம் அதட்டிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். உன்னிடம் கேட்டாளாம். நீ, "காய் வேணுமுன்னா சந்தையில வாங்கிக்க. அங்க தையல் பவர்டேபிள் போடோணும்" என்றாயாம். நீ அப்படிச் சொன்ன பிறகும் செங்கல்லை அவள் எடுக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது.

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படி. "ஊட்டுக்குள்ள எங்க போனாலும் துணி மூட்டைங்க அத்தை. ஹால்ல செக்கிங், ரூமுல அயர்னிங், கட்டலுக்கு அடியில கூட அட்டைப் பொட்டி. சமைக்கறப்பக் கொழம்புல பஞ்சு வந்து உளுகுதுங்க. பொடக்காளிக்கு வந்து நின்னாத்தான் எங்கூட்டுல நான் நிக்கற மாதிரி இருக்குது." இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, உன்னைக் குறை சொல்லவும் இல்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். குண்டடத்துக் காட்டில் ஆடும் மாடும் வெங்காய வயலுமாக வளர்ந்த பெண். அவளைக் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்து, பனியன் கட்டுகளுக்கு நடுவில் ஒரு கட்டாக அடுக்கி வைத்திருக்கிறாய். மிச்சமிருந்தது பின்பக்கத்து அந்தப் பொடக்காளி ஒன்றுதான், அதையும் சிமெண்ட் போட்டு மூடப் பார்த்தாய்.

கோபம் வருகிறதா? வரட்டும். உன் அப்பாவுக்கும் வந்தது. நீ அவளிடம் சொன்ன அதே வார்த்தையை, சந்தை உட்பட ஒன்று விடாமல், அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கொமரலிங்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். எங்கள் ஊரில் அமராவதி வாய்க்கால் தண்ணீர் பொடக்காளி வரைக்கும் வரும். கழுவிக் கொட்டின தண்ணீரில் கிடந்த தக்காளி விதைகூட முளைத்துக் காய்த்துவிடும். இங்கே வந்து பார்த்தால், முன்னறையில் உன் அப்பாவின் நிட்டிங் மெஷின் இரண்டு ஓடிக்கொண்டிருந்தது, பின்பக்கம் முழுவதும் துணி வெட்டின மிச்சம், கட்டிங் வேஸ்ட் மூட்டை. "ஏனுங்க, அந்த மூலையில நாலு செடி வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டேன். சந்தையில் கிடைக்காததா என்றார். மூட்டைகளை நானே நகர்த்தி அடுக்கிவிட்டு மண்ணைக் கொத்தினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லையே, சந்தையில் கிடைக்கும் என்றுதானே சொன்னார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

முதல் வருஷம் எல்லாம் போச்சு. ஊரில் பழகினபடி சித்திரையிலேயே விதைத்து, கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினேன். இந்த ஊர்த் தண்ணீர் அப்போதே உப்பு. கத்திரி இலை ஓரமெல்லாம் தீய்ந்து சுருண்டது, கீரை மஞ்சள் பூத்துப் படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். திருப்பூர் மண்ணில் நூல்தான் விளையும் என்று உன் அப்பா கிண்டல் செய்தார். அந்த வருஷம் புரட்டாசி கடைசியில் நல்ல மழை பிடித்தது. மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால், செத்துப்போனது என்று நினைத்த பாத்தியில் பச்சை தட்டியிருந்தது. இந்த ஊரில் செடிக்கு ஏற்ற தண்ணீர் வானத்திலிருந்து மட்டும்தான் வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கோடையில் விதைத்து ஊரோடு மல்லுக்கட்டுவதை அதோடு விட்டேன். புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்த்து, மார்கழி தை வரைக்கும் பறிப்பது என்று வைத்துக்கொண்டேன். இன்றைக்குச் சாயப்பட்டறைகள் பெருகி போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி ஆன பிறகும், அந்த மூன்று நான்கு மாதம் என் செடி என்னைக் கைவிட்டதில்லை.

சரி, அவரைப் பந்தல் கதைக்கு வருகிறேன். நீ அப்போது பால்வாடிக்குப் போகிற வயது, உனக்கு ஞாபகம் இருக்காது. கொடியைப் பந்தலில் கட்டுவதற்குக் கயிறு சரிப்படாது, இறுக்கி அறுத்துவிடும். பனியன் துணி இழுத்தால் நீளும், தண்டு தடித்தால் கூடவே விட்டுக்கொடுக்கும். அதனால் கட்டிங் வேஸ்டைக் கிழித்துத்தான் கட்டுவேன். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்கள். அதுவரைக்கும் வேஸ்ட் என்றால் வெள்ளைதான். அந்த வருஷம்தான் உன் அப்பா முதல்முதலாகக் கலர் ஆர்டர் எடுத்திருந்தார். நல்ல மிளகாய்ப் பழச் சிவப்பில் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. பந்தல் முழுவதும் சிவப்பு நாடாவாகக் கட்டினேன். பூத்த அவரைக்கு நடுவில் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், சலவைக்குப் போய் வந்த வெள்ளைத் துணியை உன் அப்பா கம்பியில் காயப் போட்டிருந்தார். மத்தியானம் காற்றோடு ஒரு மழை அடித்தது. அந்தக் காலத்துச் சாயம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பந்தலிலிருந்து சிவப்புச் சிவப்பாகத் தண்ணீர் தெறித்து, வெள்ளைத் துணி அத்தனையும் பாழ்.

உன் அப்பா வந்து பார்த்தார். பந்தலை இழுத்துச் சாய்த்து, பூவும் பிஞ்சுமாக இருந்த கொடியை வேரோடு பிடுங்கித் தெருவில் எறிந்தார். தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. துணிக்குப் பக்கத்தில் சாயம் போகிற துண்டைக் கட்டியது என் புத்தியில்லாத வேலை. அதற்கு என்னைத் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பேன். ஆனால் கொடி என்ன பாவம் செய்தது? அன்றைக்கு ராத்திரி சோறு போட்டபோது தட்டில் சோறும் மோரும் மட்டும்தான் இருந்தது. குழம்பு எங்கே என்றார். "காயி இல்லீங்க. சந்தையிலதான் கெடைக்குமுங்களே, வாங்கீட்டு வாங்க, வெச்சுத் தாரேன்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினார், மகராசன். முற்றிப்போன வெண்டைக்காயும் பூச்சி விழுந்த கத்திரிக்காயும் வாங்கி வந்தார். கொத்தமல்லி, கறிவேப்பிலை வாங்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. கொண்டுவந்ததை அப்படியே ஆக்கிப் போட்டேன். வெண்டைக்காய் நாரை அவர் மென்று மென்று துப்பினதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

நான் மறுபடியும் அவரைக்கொடி போட்டேன். இந்தத் தடவை வெள்ளைத் துண்டு. உன் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே போனார், வந்தார். சரி என்றோ வேண்டாம் என்றோ இன்று வரைக்கும் அவர் வாயால் சொன்னதில்லை. ஆனால் ஒரு நாள் நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது, துணி காயப்போடும் கம்பியைப் பின்பக்கத்திலிருந்து அவிழ்த்து முன்பக்கம் கட்டியிருந்தார். எனக்கு அது போதும் என்று எடுத்துக்கொண்டேன். நீ சின்ன வயதில் தின்ற அவரைக்காய்ப் பொரியல் எல்லாம் அந்தச் சண்டையில் நான் விட்டுக்கொடுக்காததால் உன் தட்டுக்கு வந்தது.

ஆனால் சுமதியை அப்படி வருஷக்கணக்கில் மோர்ச் சோறு போட்டுச் சண்டை பிடிக்க விட மாட்டேன். எனக்கு மாமியார் வந்து நின்று கேட்கவில்லை. அவளுக்கு நான் இருக்கிறேன். மகன் பக்கம் நிற்காமல் மருமகள் பக்கம் நிற்கிறாளே என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அவிநாசித் தேருக்குக் கூடுகிற கூட்டத்தில் நிறுத்தி என்னைக் கேட்டாலும் நான் அவள் பக்கம் என்றுதான் சொல்வேன். உன் அப்பாவும் நம் பழைய வீட்டிலிருந்து போனில், "அவன் கோவிச்சுக்குவான், எதுக்கு வம்பு" என்றார். "கோவிச்சுக்கட்டும், அவனைப் பெத்தவளுக்கு அவங்கோவத்தைப் பாத்துப் பயமா?" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்போது எது எது எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், தெரியாமல் மிதித்து வைக்காதே. தெற்கே பக்கத்துக் கம்பெனிக்காரர் மாடி கட்டியிருக்கிறார் அல்லவா? ஆடியில் பார்த்தால் அந்த நிழல் நம் பக்கம் விழாது. கார்த்திகை மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், அப்போது அந்த மாடி நிழல் பாதிப் பொடக்காளியை மூடும். அதனால் அந்த மதிலோரம் நிழல் தாங்குகிற கொத்தமல்லி, வெந்தயக்கீரை, புதினா. வெயில் விழுகிற வடக்குப் பக்கம் கத்திரி, தக்காளி, மிளகாய் நாற்று. அவற்றுக்கு முன்னால் முள்ளங்கி. வடக்கு மதிலோரம் பந்தலுக்கு நான்கு குழி, நான்கிலும் அவரை. புதினாவுக்கு விதை கிடையாது, சந்தையில் வாங்கின புதினாக் கட்டிலிருந்து இலையைச் சட்னிக்குக் கிள்ளிக்கொண்டு தண்டை நட்டிருக்கிறோம். கொத்தமல்லியைச் செருப்படியில் போட்டுத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவியிருக்கிறோம். அது சோம்பேறி, மெதுவாகத்தான் தலை காட்டும், முளைக்கவில்லையே என்று கிளறிப் பார்க்காதே.

வீடு கட்டின இடமாதலால் மண்ணெல்லாம் செங்கல் பொடியும் சிமெண்ட் கட்டியும். மேல்மண்ணை வழித்து வெளியே போட்டோம். சுமதியின் அப்பாவுக்குச் சொல்லிவிட்டதும் குண்டடத்திலிருந்து பஸ் மேலே ஏற்றி செம்மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் மூட்டை மூட்டையாக அனுப்பிவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு ஆட்டுப்புழுக்கை சீர் அனுப்பினவர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான் இருப்பார். மழை அடித்தால் தண்ணீர் தேங்காதபடி பாத்தியை மேடாகக் கட்டி, சுற்றிலும் வாய்க்கால் எடுத்திருக்கிறோம். மண்வெட்டி பிடித்தது முக்காலும் அவள்தான். எனக்கு முட்டிவலி, நான் வாய்க்கு வந்தபடி வேலை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் அவள் நிமிர்ந்து, "ஏனுங்க அத்தை, அவுங்க வந்து பேசுனாங்கன்னா?" என்றாள். "பேசுனா நான் பேசறேன். நீ கொத்து அம்மிணி" என்றேன். அதற்கப்புறம் அவள் பயப்படவில்லை. வேலை முடிந்து கை கால் முழுக்கச் சேறோடு நின்று சிரித்தாள் பார், கல்யாணத்தன்றுகூட அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்க நீ ஊரில் இல்லாமல் போனது உன் நஷ்டம்.

உன் பக்கத்து நியாயத்தையும் யோசித்துப் பார்க்காமல் இல்லை. ஆர்டர் கூடியிருக்கிறது, மெஷின் போட இடம் வேண்டும். மொட்டை மாடி சும்மாதானே கிடக்கிறது? ஊரில் பாதிப் பேர் மாடியில் தகரக் கொட்டகை போட்டுத்தான் பவர்டேபிள் ஓட்டுகிறார்கள். மாடி என்றால் மூட்டை ஏற்றி இறக்க ஆள் வேண்டும், தொந்தரவு என்றாயாம். உன் மூட்டைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதற்காக அவள் நிற்கிற இடத்தை எடுத்துக்கொள்வாயா? இன்னொன்றும் கேட்டுக்கொள். கொத்தனார் போகும்போது சொன்னார், தரைவாட்டம் அடுப்படிப் பக்கமாகச் சரிகிறதாம். தளம் போட்டிருந்தால் மாடியில் விழுகிற மழைத் தண்ணீர் மொத்தமும் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் அடுப்படி வழியாக ஹாலுக்கு வந்து உன் செக்கிங் பீஸ் எல்லாவற்றையும் நனைத்திருக்குமாம். நீ கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. இதற்காகத்தான் நான் தடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. தண்ணீர் சரியாக வடிந்திருந்தாலும் தடுத்திருப்பேன்.

உன்னை முரட்டுப் பிள்ளையாக நான் வளர்க்கவில்லை. விடிய விடிய மெஷின் சத்தத்தோடு வேலை பார்த்து நீ இந்த வீட்டைக் கட்டினது எனக்குப் பெருமைதான், யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. ஆனால் கட்டினவன் ஒருவன், குடியிருக்கிறவர்கள் இரண்டு பேர். அவளுக்கும் இந்த வீட்டில் ஒரு இடம், யாரையும் கேட்காமல் போய் நிற்கிற இடம், இருந்தே ஆக வேண்டும். இதில் நான் இறங்கி வரப் போவதில்லை. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

எல்லாவற்றையும் படித்த பிறகும் அங்கே தளம்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் ஒன்று செய். கம்பெனி ஆளைக் கூப்பிடாதே, கொத்தனாருக்கும் சொல்லி அனுப்பாதே. நீயே சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி, ஒவ்வொரு நாற்றாக உன் கையால் பிடுங்கு. சுமதி அடுப்படி வாசலில் நிற்பாள், அவளை உள்ளே போகச் சொல்லாதே. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடுங்கு. அது உன்னால் முடிந்துவிட்டது என்றால், நாளைக்கே கொத்தனாரை நானே வரச் சொல்லி, பக்கத்தில் நின்று கான்கிரீட் கொட்ட வைக்கிறேன்.

முடியவில்லை என்றால் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வா. சோறு எடுத்து வைக்கிறோம்.

அம்மா